கடைமடைக்கு வந்தாத்தான் கணக்கு!

பட்டுக்கோட்டைக்காரன்கிட்ட போய், "உங்க ஊர்ல மலை எங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் தலையைச் சொறிஞ்சுட்டு, மனோரா பக்கம் கை காட்டுவான். நெப்போலியனை இங்கிலீஷ்காரன் ஜெயிச்சதைக் கொண்டாட, தஞ்சாவூர் ரெண்டாம் சரபோஜி மன்னர் 1814-15 வாக்குல கடலோரமா கட்டின எட்டடுக்குக் கோபுரம் அது. உயரம் சுமார் 75 அடி. எங்க ஏரியா எவரெஸ்ட் அதுதான் பாஸ்!

மத்தபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், தென்னந்தோப்பு, வாய்க்கால். பன்னெண்டு கிலோமீட்டர் போனா அதிராம்பட்டினம் கடல். சைக்கிள் மிதிக்கும்போது எழுந்து நின்னு மிதிக்கணும்னா, வாய்க்கால் பாலம் வந்தாத்தான் உண்டு. இப்படி ஒரு தட்டையான ஊர்ல பொறந்து வளர்ந்த பசங்களுக்கு, செமஸ்டர் முடிஞ்சதும் என்ன ஆசை வரும்? அதேதான்... மலை ஏறணும்!

நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம், சிவில். எங்க செட்டுல பத்து பேர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில உட்கார்ந்து ரெண்டு மாசமா ஒரு திட்டம் போட்டுக்கிட்டிருக்கோம். மலையில கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் திட்டம் எங்களுக்கு நிறைய சொல்லிக் கொடுத்திருச்சு. உங்க காலேஜ்லயும் இப்படி ஒரு கேங் இருக்கும். அவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எந்த மலை?

முதல் மீட்டிங்ல மூணு பேர் அடிபட்டுச்சு. கொல்லிமலை, வெள்ளியங்கிரி, பர்வதமலை. கொல்லிமலைக்கு பஸ்சே உச்சி வரைக்கும் போகுது, அதனால 'த்ரில் இல்ல'ன்னு தள்ளுபடி. வெள்ளியங்கிரி ஏழு மலை. வருஷத்துல சில மாசம்தான் ஏற விடுவாங்க. 2024 சீசன்ல அங்க ஏறினவங்க சிலர் மூச்சுத் திணறி இறந்துபோன செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. மலையே பார்க்காத கால்களுக்கு முதல் மலையா அது வேண்டாம்னு முடிவாச்சு. மிச்சம் இருந்தது பர்வதமலை.

நடுவுல ஒருத்தன், "கோயில் மலையெல்லாம் எதுக்குடா? கூட்டமே இல்லாத காட்டுப் பாதையா பார்த்து நாமளே போவோம்"னான். அவனுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு தேதி போதும். 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைப் பக்கம் ஏறிட்டு இறங்கிக்கிட்டிருந்த கூட்டத்தைக் காட்டுத்தீ சூழ்ந்துருச்சு. 23 பேர் இறந்தாங்க. நிறைய பேர் நம்மளவிட நாலஞ்சு வயசுதான் பெரியவங்க. சனி, ஞாயிறு லீவுக்கு மலை பார்க்கக் கிளம்பினவங்க. அவங்க போன பாதைக்கு முறையான அனுமதி இல்லைன்னு அரசு சொல்லுச்சு.

அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னே 2018-ல தமிழ்நாட்டுல தனி விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை அரசு தொடங்குச்சு. 14 மாவட்டங்கள்ல 40 பாதைகள். சுலபம், நடுத்தரம், கடினம்னு தரம் பிரிச்சு, ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டு, உள்ளூர் வழிகாட்டியோட போகலாம். ஆக, காட்டுப் பாதைதான் வேணும்னா அதுக்கு வாசல் இருக்கு. வேலியைத் தாண்டிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்ல.

தீயைப் பத்தி ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கங்க. சமதரையில மெதுவா நகர்ற தீ, சரிவுல மேல்நோக்கி ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினா தீயோட வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். நாம மேல ஏற ஏற மூச்சு வாங்கும். அதுக்கு மூச்சு வாங்காது. காய்ஞ்ச புல் நிக்கிற பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாசங்கள்ல பல காட்டுப் பாதைகளை வனத்துறை மூடி வைக்கிறதுக்குக் காரணம் இதுதான். "ரூல்ஸ் போட்டே சாகடிக்கிறாங்க"ன்னு புலம்புறவங்க குரங்கணியை ஒரு தடவை நினைச்சுப் பார்க்கணும்.

அதனால நாங்க குறிச்ச மாசம் ஜனவரிக் கடைசி. வடகிழக்குப் பருவமழை ஓஞ்சு பாறை காய்ஞ்சிருக்கும். வெயிலும் இன்னும் கொளுத்த ஆரம்பிச்சிருக்காது. தீ சீசனும் தொடங்கியிருக்காது. பொங்கல் கூட்டமும் முடிஞ்சிருக்கும்.

கடப்பாரையைப் பிடி மச்சி!

பர்வதமலை இருக்கிறது திருவண்ணாமலை மாவட்டம், கலசப்பாக்கம் வட்டாரத்துல. திருவண்ணாமலையிலேருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். தென்மாதிமங்கலம் பக்கம் ஒரு வழி, கடலாடி பக்கம் இன்னொரு வழி. உச்சியில மல்லிகார்ஜுனேசுவரர் கோயில். பக்தர்களே சாமியைத் தொட்டு அபிஷேகம் பண்ணலாம்ங்கிறது அங்க விசேஷம். பௌர்ணமி ராத்திரின்னா கூட்டம் கூட்டமா ஏறுறது வழக்கமா இருந்துச்சு.

போன வருஷம் வீட்டுப் பெரியவங்களோட நான் ஒரு தடவை போயிருக்கேன். முதல்ல படிக்கட்டு. 'இவ்வளவுதானா?'ன்னு தோணும். அப்புறம் படி முடிஞ்சு கரடுமுரடான கல்லுப் பாதை. முட்டி கொஞ்சம் கொஞ்சமா பேச ஆரம்பிக்கும். மேல போகப் போக மலை மெலிஞ்சு, ரெண்டு பக்கமும் பள்ளம் தெரியிற முதுகெலும்பு மாதிரி ஆயிடும். அங்கதான் இருக்கு விஷயமே. 'கடப்பாரை நெட்டு'ன்னு அதுக்குப் பேரு. செங்குத்தான பாறையில கடப்பாரைகளை அடிச்சு இறக்கி, சங்கிலியைக் கோத்து விட்டிருக்காங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறணும். அதுக்கப்புறம் தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படின்னு வரிசையா பேர் சொல்றாங்க. பேரைக் கேட்டாலே பாதி எனர்ஜி போயிடுதுல்ல?

இங்க நடந்து ஏற முடியாது. கயிறு கட்டி ஏறுற அளவுக்கும் போகாது. ரெண்டுக்கும் நடுவுல, கையும் காலும் சேர்ந்து வேலை பார்க்கிற ஏற்றம். தென்னை மரம் ஏறுற அண்ணன்களை நம்ம ஊர்ல தினம் பார்க்கிறோமே, அவங்களுக்கு இது சாதாரணம். நமக்கு?

நான் இறங்கும்போது ஒரு இடத்துல, பள்ளத்தைப் பார்த்தபடி முதுகைப் பாறையில சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். கீழேருந்து ஏறி வந்த ஒரு அக்கா, தலையில பூஜைப் பையோட, செருப்புகூட இல்லாம நின்னு பார்த்துட்டு, "தம்பி, பள்ளத்தைப் பார்க்காதப்பா. பாறையைப் பார்த்துத் திரும்பிக்க. ஏறின மாதிரியே இறங்கு"ன்னாங்க. ரெண்டே வரி. மலையேற்றப் பயிற்சிகள்ல சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமும் இதுதான். செங்குத்தா இருந்தா முகம் பாறைப் பக்கம்.

டீக்கடைப் பஞ்சாயத்து

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பத்து பேர்ல ஒருத்தனுக்கு சின்ன வயசுலேருந்து ஆஸ்துமா. நல்லா கிரிக்கெட் ஆடுவான். ஆனா ரெண்டு ரன் ஓடினா இன்ஹேலரைத் தேடுவான். அவன் டீ வாங்க எழுந்து போன கேப்புல மெதுவா ஒரு குரல்: "டேய், இவனை எதுக்குடா இழுத்துக்கிட்டு? இவனால எல்லாருக்கும் லேட்டாகும். தேதியைச் சொல்லாம விட்டுருவோம். அப்புறமா போட்டோ காட்டிக்கலாம்."

யாரும் உடனே எதுவும் சொல்லல. ரெண்டு மூணு தலை லேசா ஆடுச்சு. அப்போதான் எங்க கிளாஸ் பேராவூரணிப் பொண்ணு கிளாஸை டொக்குன்னு கீழ வச்சா.

"எங்கப்பா வருஷா வருஷம் வாய்க்கால் கரையில போய் நிப்பாரு. மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சுன்னு டிவியில காட்டுவாங்க. பூவெல்லாம் தூவுவாங்க. எங்க மடைக்கு அது வந்து சேர எத்தனை நாளாகும் தெரியுமா? சில வருஷம் வராமலேயும் போயிருக்கு. தண்ணி திறந்தது கணக்கு இல்லப்பா. கடைமடைக்கு வந்துச்சா, அதான் கணக்கு. நீங்க போடுறது தலைமடைத் திட்டம்!"

டெல்டா பசங்களுக்கு இதுக்கு விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். எங்க பக்கத்துக்குத் தண்ணி கொண்டு வர்றது கல்லணைக் கால்வாய். ஊர்ல 'புது ஆறு'ன்னுதான் சொல்வாங்க. மேட்டூர் அணைத் திட்டத்தோட சேர்த்து வெட்டி, 1934-ல பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் 148 கிலோமீட்டர் சொச்சம். கல்லணையில கிளம்பி, தஞ்சாவூர் ஊருக்குள்ள புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு வர்ற வழியெல்லாம் கிளை பிரிஞ்சு பிரிஞ்சு ஓடும். மேட்டூர் அணையைத் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. ஆனா கால்வாயோட தலைப்புல இருக்கிற வயலுக்கும் வாலுல இருக்கிற வயலுக்கும் அது ஒரே தேதி இல்ல. தண்ணி பத்தாத காலத்துல முறை வச்சு விடுவாங்க. இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. தலைமடைக்காரன் தன் மடையை அடைச்சாத்தான் கடைமடைக்காரன் வயல் நனையும்.

அந்தப் பொண்ணு கேட்டதுல நியாயம் இருந்துச்சு. மலையில ஒரு கூட்டத்தோட வேகம்ங்கிறது முன்னாடி ஓடுறவன் வேகம் இல்ல. கடைசி ஆளோட வேகம். அவனைக் கழிச்சுட்டா இன்னொருத்தன் கடைசி ஆளாவான். அவனையும் கழிச்சா? கடைசியில ஒருத்தன் மட்டும் உச்சியில நின்னு செல்ஃபி எடுத்துக்க வேண்டியதுதான்!

அவன் டீயோட வந்ததும் நேரடியாவே கேட்டோம். அவன் சிரிச்சுட்டு, "டாக்டரைப் பார்த்துக் கேட்டுட்டு வர்றேன். அவர் சரின்னா வருவேன். ஆனா அந்தக் கடப்பாரைக்குக் கீழேயே நின்னுடுவேன்டா. பரவாயில்லையா?"ன்னான். அப்படின்னா அவன்கூடத் துணைக்கு யாராவது நிக்கணும். உச்சிக்குப் போகாம. டேபிள்ல அஞ்சு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம் மூணு கை மேல போச்சு. அதுல ஒரு கை, 'தேதியைச் சொல்லாம விட்டுருவோம்'ன்ன அதே கை.

அடுத்த வாரம் அவன் டாக்டர் பேச்சோட வந்தான். மெதுவா ஏறணும், மூச்சு இறுகினா உட்காரணும், இன்ஹேலர் பைக்கு அடியில கிடக்காம சட்டைப் பாக்கெட்ல இருக்கணும், கூட வர்ற ரெண்டு பேருக்காவது அதை எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரிஞ்சிருக்கணும். அன்னிக்கு டீக்கடையிலேயே பத்து பேரும் கத்துக்கிட்டோம்.

இன்ஜினீயர் மூளைக்குக் கொஞ்சம் வேலை

திட்டம்னா கணக்கு வேணுமே! 1892-ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சுலபமான விதி சொன்னார். அஞ்சு கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கங்க. இப்போ ஒரு மலைப் பாதை அஞ்சு கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர்னு வச்சுக்குவோம். ஒரு மணி நேரம் ப்ளஸ் ஒன்றரை. மொத்தம் ரெண்டரை மணி நேரம்.

அதுல ஒரு உள்குத்து இருக்கு. அது நிக்காம நடக்கிற, பழக்கப்பட்ட காலுக்குப் போட்ட கணக்கு. நம்ம கால் பட்டுக்கோட்டைக் கால். பத்து பேர், தண்ணி குடிக்க நிக்கணும், சங்கிலிக்கு வரிசையில நிக்கணும், போட்டோவுக்கும் நிக்கணும். நாங்க அந்த ரெண்டரையை நாலரையா எழுதிக்கிட்டோம்.

விடியக்காலை ஆறு மணிக்கு ஏற ஆரம்பிச்சா, பத்தரை. அரை மணி நேரம் சேர்த்துப் பதினொண்ணு. இந்தப் பதினொண்ணுதான் எங்க திட்டத்துலயே கெட்டியான எண். பதினோரு மணிக்கு எங்க நிக்கிறோமோ, அங்கேருந்து திரும்பணும். உச்சிக்கு இன்னும் அம்பது படிதான் பாக்கின்னாலும் திரும்பணும். இதை ஏன் இப்பவே டீக்கடையில முடிவு பண்றோம்? மேல போனப்புறம் நம்ம மூளை வக்கீல் மாதிரி பேசும். 'இவ்வளவு தூரம் வந்துட்டு...'ன்னு ஆரம்பிக்கும். எதிர்த்து வாதாட ஆளே இருக்காது. அதனால தீர்ப்பைச் சமதரையிலேயே எழுதி வச்சுட்டோம்.

அடுத்து தண்ணி. ஆளுக்கு மூணு லிட்டர்னா பத்து பேருக்கு முப்பது லிட்டர், அதாவது முப்பது கிலோ. ஒருத்தன் தலையில கட்ட முடியாது. அவங்கவங்க தண்ணி அவங்கவங்க முதுகுல. மூச்சுத் திணறுறவன் சுமையை மட்டும் மத்தவங்க முறை வச்சு மாத்திக்கிறது. முறைப் பாசனம் மாதிரியேதான்!

பயிற்சிக்கு மலைக்கு எங்க போறது? ஹாஸ்டல் மாடிப்படிதான். ஒரு மாடி மூணு மீட்டர்னா, 900 மீட்டர் ஏற்றம்ங்கிறது முந்நூறு மாடி. மூணு மாடி ஹாஸ்டலை நூறு தடவை ஏறணும். முதல் வாரம் பத்து தடவையில ஆரம்பிச்சு, இப்போ நாப்பதுல நிக்கிறோம். வார்டன் எங்களை ஒரு மாதிரியாப் பார்க்கிறார். ஒரு டிப்ஸ்: இறங்குறதையும் பழகுங்க. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முட்டியை முறிக்கிறது இறக்கம்தான்.

பழைய கோஷ்டி ஒண்ணு

இந்த மலைக்குக் கூட்டமாப் போகத் திட்டம் போட்டதுல நாம ஃபர்ஸ்ட் இல்லீங்க. சங்க காலத்துலேயே போட்டிருக்காங்க. பத்துப்பாட்டுல கடைசிப் பாட்டு மலைபடுகடாம். பாடினவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடி. செங்கண்மாவை, அதாவது இன்னிக்குச் செங்கம்னு சொல்ற ஊரை ஆண்ட நன்னன்கிட்ட பரிசு வாங்கப் போற ஒரு கூத்தர் கோஷ்டிக்கு, போயிட்டு வந்த ஒருத்தர் வழி சொல்ற பாட்டு. அதுல வர்ற நவிரமலைதான் இன்னிக்குப் பர்வதமலைன்னு தமிழறிஞர்கள் சொல்றாங்க.

ஸ்கூல்ல மார்க்குக்காகப் பேரை மட்டும் மனப்பாடம் பண்ணினோமே, உள்ளே என்ன இருக்குன்னு எட்டிப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு. அசல் ட்ரெக்கிங் கைடு! அந்தக் கோஷ்டி வெறுங்கையோட போகல. மேளம், குழல், கொம்பு எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுப் போறாங்க. வழிகாட்டி அவங்களுக்கு என்னென்ன சொல்றார்னு பாருங்க. தினைப்புனத்துல பன்றிக்குக் கல்லுப் பொறி வச்சிருப்பாங்க, அதனால இருட்டுல போகாம விடிஞ்சப்புறம் போங்க. வழுக்குற இடத்துல மெல்லிய மூங்கிலையும் கோரையையும் பிடிச்சுக்கிட்டுப் போங்க. காவல்காரங்க விடுற கவண்கல் பறந்து வரும், மரத்துக்குப் பின்னால ஒதுங்குங்க. பாம்பு இருக்கிற இடம் பார்த்துப் போங்க.

எங்க செட்டுல 'பௌர்ணமி நைட் ஏறலாம், செமையா இருக்கும்'னு ஒரு கட்சி இருந்துச்சு. அவங்க வாயை அடைச்சது இந்தப் பாட்டுதான். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே விடிஞ்சப்புறம் போன்னு சொல்லிட்டாங்கடா"ன்னா, யார் என்ன பேச முடியும்?

இந்தப் பாட்டெல்லாம் ஓலையிலேயே செல்லரிச்சுப் போகாம 1889-ல பத்துப்பாட்டை அச்சுல கொண்டு வந்தவர் உ.வே.சாமிநாதையர். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர், கும்பகோணம் காலேஜ்ல பாடம் சொல்லிக்கொடுத்தவர். நம்ம டெல்டாக்காரர்தான்! மலையே இல்லாத ஊர்க்காரர் மலைக்கான கைடைத் தேடிக் கொடுத்திருக்கார்.

அந்தப் பாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம். பாதை பிரியற இடத்துல, சரியான வழி எதுன்னு தெரியிற மாதிரி இடத்தைச் சுத்தம் பண்ணி, புல்லை முடிஞ்சு அடையாளம் போட்டுட்டுப் போங்கன்னு சொல்றார். போறவனுக்கு அந்த முடிச்சால எந்தப் பிரயோஜனமும் இல்ல. அவன் வழி கண்டுபிடிச்சாச்சு. புதுசா, பின்னாடி வர்றவனுக்காக அது. கடைமடைக்காரனை நினைச்சுக் குனிஞ்ச ஒரு ஆள்.

சங்கிலியில தொங்கும்போது...

எங்க நோட்டுல எழுதி, பத்து பேரும் கையெழுத்துப் போட்ட விதிகள் இதோ. வேணும்னா அப்படியே காப்பி அடிச்சுக்கங்க, மால்பிராக்டீஸ் கேஸ் ஆகாது!

• ரெண்டு கை, ரெண்டு கால். இதுல எப்பவும் மூணு பாறையில இருக்கணும். நாலாவது மட்டும்தான் நகரலாம்.

• சங்கிலியோட ஒரு துண்டுல ஒரே நேரத்துல ஒரு ஆள்தான். அவன் மேல போய்ச் சேர்ந்து குரல் கொடுத்தப்புறம்தான் அடுத்தவன். ஏறுறவனுக்கு நேர் கீழே யாரும் நிக்கக்கூடாது.

• கல்லு பெயர்ந்தா வெட்கப்படாம "கல்லு!"ன்னு கத்தணும். கீழே இருக்கிறவன் அண்ணாந்து பார்க்காம, தலையை மறைச்சுக்கிட்டுப் பாறையோட ஒட்டிக்கணும்.

• இரும்புச் சங்கிலியும் இடியும் ஆகாது. இடிச் சத்தம் கேட்டா, மழை வரலைன்னாலும் சங்கிலியை விட்டு விலகி இறங்குற வேலையைப் பார்க்கணும். மழை பிடிச்சா அன்னிக்கு மலை லீவு. வழியில ஓடை குறுக்கிட்டு வெள்ளம் ஓடினா, வடியிற வரைக்கும் காத்திருக்கணும். இறங்கித் தாண்டக் கூடாது.

• நடையில வழிகாட்டுறவனுக்கு அடுத்து ரெண்டாவதா, எல்லாரையும்விட மெதுவா நடக்கிறவன். அவன் வேகம்தான் வேகம். உட்காரலாம்னு சொல்ற உரிமை அவனுக்கு. நல்ல கால் பலம் உள்ளவன் கடைசியில், முதலுதவிப் பையோட.

• யாரும் தனியா முன்னாடி போகவும் கூடாது. தனியா பின்தங்கி நிக்கவும் கூடாது.

• பிளாஸ்டிக் எதுவும் மேல தங்கக்கூடாது. குரங்குக்குத் தீனி போடக்கூடாது. பீடி, சிகரெட், நெருப்பு... பேச்சே வேண்டாம்.

• ஏற அனுமதிக்கிற நேரம் என்ன, என்ன கட்டுப்பாடு இருக்குன்னு கிளம்புறதுக்கு முந்தின நாள் அங்க இருக்கிற வனத்துறை ஆளுங்ககிட்ட கேட்டுக்கணும். கூடாதுன்னா கூடாது. திருவண்ணாமலையில சாமி கும்பிட்டுட்டு ஊர் திரும்பிடுவோம்.

ரோடும் ஒரு மலைதான்

'பைக்ல போலாம், மாஸா இருக்கும்'னு உங்க செட்டுலயும் ஒருத்தன் சொல்வான். கேட்காதீங்க. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு, காலையில மலை ஏறி, அன்னிக்கு ராத்திரியே திரும்ப ஓட்டினா, மலை விட்டு வச்ச உயிரை ரோடு கேட்கும்.

நம்ம ஊருக்கு இப்போ ரயில் வசதி இருக்கு. மீட்டர் கேஜை எடுத்துட்டு அகலப்பாதை போட்டு, காரைக்குடி - பட்டுக்கோட்டை - திருவாரூர் பாதை 2019-ல முழுசா திறந்துச்சு. 2025 ஏப்ரல்ல பாம்பன் புதுப் பாலத்தோட சேர்த்துத் தொடங்கின ராமேஸ்வரம் - தாம்பரம் எக்ஸ்பிரஸ் பட்டுக்கோட்டை வழியாத்தான் விழுப்புரம் போகுது. விழுப்புரத்துல இறங்கினா, திருவண்ணாமலைக்கு பஸ்ல அறுபது கிலோமீட்டர் சொச்சம். முதல் நாளே திருவண்ணாமலை போய், ராத்திரி நல்லா தூங்கி எழுந்து, விடியறதுக்கு முன்னாடி மலையடிவாரம். இறங்கின அன்னிக்கு ராத்திரியும் அங்கேயே தங்கி, மறுநாள்தான் ஊர். ஒரு நாள் லாட்ஜ் வாடகை கூடும்தான். பரவாயில்ல.

கடைசியா, வீடு. 'ஃப்ரெண்ட் அக்கா கல்யாணம்'னு புருடா விட்டுட்டுப் போறது நம்ம காலேஜ் பாரம்பரியம். மலைக்கு மட்டும் அது வேண்டாம் மக்களே. ஏன்னா, நம்ம வரிசையில நிஜமான கடைசி ஆள் மலையிலேயே இல்ல. சாயங்காலம் போன் வருமான்னு வாசல்ல நிக்கிற அம்மா அவங்கதான். எந்த மலை, எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்குக் கீழே இறங்குவோம்னு ஒரு பேப்பர்ல எழுதி, ஊர்ல இருக்கிற ஒருத்தர் கையில கொடுக்கணும். 'சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன் வரலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு அதுல கீழே இருக்கணும். எங்க பேராவூரணிப் பொண்ணு அவங்க அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னதும், அவர் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் ஒண்ணா இறங்குவீங்களாம்மா?" அதுக்கு 'ஆமா'ன்னு சொல்ல முடிஞ்சதாலதான் அவளுக்கு பர்மிஷன் கிடைச்சுது.

உங்க கேங் திட்டத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்க. எந்த ஷூ, எந்த டீ-ஷர்ட், எந்தப் பாட்டு ப்ளே லிஸ்ட்ல - இதெல்லாம் கண்டிப்பா இருக்கும். கடைசியில வர்றது யாரு, அவன்கூட நிக்கப் போறது யாரு - இந்த ரெண்டுக்கும் பேர் எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தா தைரியமா டிக்கெட் போடுங்க. இல்லைன்னா இன்னொரு டீ சொல்லிட்டு, இன்னொரு மீட்டிங் போடுங்க. மலை அங்கேயேதான் நிக்கும்!